நத்தார் அலங்காரங்களை எடுத்த பிறகு, குளிர் தீரும் வரை வீட்டை எப்படி வைத்திருப்பது?

கேட்டவர்: வடக்குயன்னல் (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், பக்கத்து வீடுகளோடு ஒட்டியபடி இருக்கும் ஒரு ரவுன்ஹவுஸில் வசிக்கிறோம். வரவேற்பறைக்கு ஒரேயொரு பெரிய யன்னல் இருக்கிறது, அதுவும் வடக்கு நோக்கியது. சைவக் குடும்பம் என்றாலும் பிள்ளைகளின் விருப்பத்துக்காக ஒவ்வோர் ஆண்டும் நத்தார் மரம் வைத்து, மின்விளக்குச் சரங்கள் கட்டி, வாசற்கதவில் பச்சை வளையமும் மாட்டுகிறோம். ஜனவரி முதல் வாரத்தில் அவை எல்லாவற்றையும் பெட்டிகளில் இட்டு பேஸ்மென்டுக்குக் கொண்டுபோனதும் வீடு குடிபெயர்ந்து போனவர்களின் வீட்டைப் போல ஆகிவிடுகிறது. அதன் பிறகு மார்ச் மாத இறுதி வரை குளிரும் இருட்டும்தான்.

ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் அம்மா பகல் முழுவதும் அந்த அறையில்தான் இருக்கிறார். அவருடைய கண்பார்வையும் சற்றுக் குறைந்துவிட்டது. பண்டிகைக்குப் பிறகும் வீடு உயிர்ப்போடு இருக்க என்ன செய்யலாம்? அதிகம் செலவழிக்க விரும்பவில்லை. கடைகளில் "குளிர்கால அலங்காரம்" என்று வெள்ளை, வெள்ளி, இளநீல நிறங்களில் நிறையப் பொருள்கள் விற்கிறார்கள். அவற்றை வாங்கலாமா என்றும் அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை ஒருவன் இருக்கிறான்.

மறுமொழி: பைன்மரத்தடி (மார்க்கம்)

வணக்கம் சகோதரி. பெட்டிக்குள் போனவற்றில் எவையெல்லாம் உண்மையில் நத்தாருக்கு உரியவை என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நத்தார்த் தாத்தா, பாலன் குடில், மணிகள், சிவப்பு நாடாக்கள், மர உச்சியின் நட்சத்திரம் ஆகியவை பண்டிகையோடு போக வேண்டியவை. பைன் காய்கள், பசுங்கிளைகள், வெண்பட்டை பேர்ச் தடிகள், படங்கள் எதுவுமில்லாத சாதாரண விளக்குச் சரங்கள், கம்பளிப் போர்வைகள் ஆகியவை குளிர்காலத்துக்கு உரியவை. இந்த இரண்டாவது கூட்டத்தை மார்ச் வரை வெளியிலேயே வைத்திருப்பதில் எந்தப் பொருத்தக்கேடும் இல்லை. கதவில் உள்ள வளையத்தில் கூடச் சிவப்பு நாடாவை மட்டும் அவிழ்த்துவிட்டால், அது வெறும் பச்சை வளையமாக இன்னும் பல வாரங்கள் நிற்கும்.

மரம் மட்டும் விதிவிலக்கு. நீங்கள் வைத்தது வெட்டிய உண்மையான மரம் என்றால், அதைத் தாமதிக்காமல் வெளியேற்றிவிடுங்கள். வீட்டைச் சூடாக்கும் காற்று மிகவும் வறண்டது. அதில் வாரக்கணக்கில் நின்ற மரம் தண்ணீரை உறிஞ்சுவதை நிறுத்திக் காய்ந்துவிடும், காய்ந்த மரம் மிக வேகமாகத் தீப்பற்றும். ரொறன்ரோ நகரசபை ஜனவரியில் வீட்டு வாசலிலிருந்து மரங்களை எடுத்துச் செல்கிறது. அலங்காரங்கள், சரிகைகள், தாங்கி எல்லாவற்றையும் நீக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றாமல் வைக்க வேண்டும்.

ஆனால் மரத்தை வாசலில் வைக்கும் முன் அதன் கீழ்க்கிளைகளை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். வாசலின் இரு பக்கத்திலும் கோடையில் பூக்கள் வைத்த தொட்டிகள் சும்மாதானே கிடக்கும்? அவற்றில் இந்தக் கிளைகளை நெருக்கமாகக் குத்தி நிறுத்தலாம். மண் உறைந்திருந்தால் வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி இளக்கியபின் குத்துங்கள், இரவில் அது மீண்டும் உறைந்து கிளைகளை அசையாமல் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிடும் அதே கிளை, வெளியே குளிரில் மார்ச் வரை பசுமையாக நிற்கும். ஃபிர் கிளைகளோடு வெள்ளைப் பைனும் சீடரும் கலந்தால் மூன்று விதமான பச்சை கிடைக்கும். வெள்ளைப் பைன் 1984 முதல் ஒன்ராறியோவின் அதிகாரபூர்வ மரம், அதன் நீண்ட மெல்லிய ஊசியிலைகள் காற்றில் அசைவது தனி அழகு. நடுவில் உயரத்துக்குச் செந்தண்டு டாக்வுட் குச்சிகளை நிறுத்துங்கள். பனி மூடிய வெள்ளைப் பின்னணியில் அந்தச் சிவப்பு தெருவிலிருந்தே தெரியும்.

மறுமொழி: மாலைவிளக்கு (மிசிசாகா)

மேலே சொன்னவை வாசலுக்கு மிகவும் நல்லவை. ஆனால் கேள்வி கேட்ட சகோதரியின் அம்மா வாசலில் இருக்கப்போவதில்லை, வடக்கு யன்னல் உள்ள அறையில் இருக்கப்போகிறார். அந்த அறைக்கு முதலில் வேண்டியது ஒளி. பொருள்களைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

நம் நாட்டில் வடக்கு யன்னல் என்றால் வெயில் தாக்காத குளிர்ச்சியான இடம் என்று மகிழ்வோம். இங்கே குளிர்காலச் சூரியன் தெற்கு வானில் மிகத் தாழ்வாகச் செல்வதால் வடக்கு யன்னலுக்கு நேர்வெயில் சிறிதும் கிடைக்காது. வானத்தின் நீலம் கலந்த மங்கல் வெளிச்சம் மட்டுமே வரும். டிசம்பர் 21 அளவில் ரொறன்ரோவில் பகல் ஏறத்தாழ 9 மணி நேரம்தான், மாலை 4.45க்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜனவரி இறுதியில் அது 5.25 அளவுக்குப் போனாலும், மேகமூட்டமான நாளில் 3 மணிக்கே அறை இருண்டுவிடும். இப்படிப்பட்ட அறையில் வெள்ளி, வெள்ளை, இளநீலப் பொருள்களை வைத்தால் ஏற்கெனவே நீலமாக இருக்கும் வெளிச்சம் இன்னும் குளிர்ச்சியாகத் தெரியும். தெற்கு வெயில் நிறைய வரும் வீட்டுக்கு அந்த நிறங்கள் அழகு, உங்கள் அறைக்கு வேண்டாம். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, மண்ணிறம், அடர்பச்சை ஆகியவை உங்களுக்குக் கை கொடுக்கும். பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பழைய பருத்திச் சேலைகளில் இந்த நிறங்கள் எல்லாம் இருக்கும். அவற்றிலிருந்து தலையணை உறைகள் தைத்தால் செலவே இல்லை.

விளக்குகளுக்கு வருகிறேன். கூரையின் நடுவிலுள்ள ஒற்றைப் பெரிய விளக்கை மட்டும் நம்பியிருப்பது நம் வீடுகளில் பொதுவான வழக்கம். அது முகங்களில் நிழல் விழச் செய்து, அறையின் மூலைகளை இருட்டிலேயே விட்டுவிடுகிறது. அதற்குப் பதிலாக மூன்று சிறு விளக்குகளை வெவ்வேறு உயரங்களில் வையுங்கள்: ஒன்று மூலையில் நின்றெரியும் விளக்கு, ஒன்று யன்னலருகே மேசைவிளக்கு, மற்றொன்று அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து கையிலுள்ள புத்தகத்தின் மேல் ஒளி விழும்படியாக. பார்வை குறைந்தவர்களுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், ஆனால் பல்ப் நேரே கண்ணில் படக்கூடாது, எனவே மறைப்பு உள்ள விளக்கு முக்கியம். எல்இடி பல்ப் வாங்கும்போது பெட்டியில் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது மஞ்சள் கலந்த இதமான ஒளி. 5000 கெல்வின் என்றால் வெண்ணீல ஒளி, மாலையில் அது மருத்துவமனை நடைபாதையை நினைவூட்டும்.

நத்தார் விளக்குச் சரத்தைப் பேஸ்மென்டிலிருந்து தயவுசெய்து மீட்டு வாருங்கள். இதமான வெண்ணிறத்தில் இருந்தால் யன்னல் சட்டத்தைச் சுற்றியோ புத்தக அலமாரியின் பின்னாலோ கட்டி, ஒரு டைமரோடு இணைத்து, மாலை 3.30க்குத் தானாக எரியும்படி வையுங்கள். இருள் கவியும் முன்பே விளக்கு எரிந்துவிட்டால், "இருட்டிவிட்டதே" என்று மனம் சோரும் அந்தக் கணம் வருவதே இல்லை. இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் போதும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கண்ணாடி ஒன்று இருந்தால் யன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில் மாட்டுங்கள், கிடைக்கும் வெளிச்சத்தை அறையின் உட்புறத்துக்குத் தள்ளிவிடும். புதிதாகப் பெய்த பனி தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கையாவது திருப்பி அனுப்புவதால், யன்னலுக்கு வெளியே பனி கிடக்கும் நாள்களில் பகலில் திரையை முழுவதும் விலக்கி வைப்பது நல்லது. இரவில் தடித்த திரையை இழுத்து மூடினால் கண்ணாடியிலிருந்து வரும் குளிர் குறையும். திரையோ கம்பளமோ சூடான காற்று வரும் துவாரத்தை மூடக்கூடாது. மின்சூடாக்கி உள்ள வீடு என்றால் துணி அதில் படவே கூடாது.

மறுமொழி: கிழங்குத்தோட்டம் (ஒட்டாவா)

விளக்கைப் பற்றிச் சொன்ன அனைத்தையும் வழிமொழிகிறேன். ஆனால் உயிர்ப்பு வேண்டும் என்று கேட்டவருக்கு உயிருள்ள ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நத்தார் முடிந்ததும் அமரில்லிஸ் என்னும் பூச்செடியின் கிழங்குகளைக் கடைகளில் விலை குறைத்து விற்பார்கள். கையில் எடுத்து அழுத்திப் பார்த்தால் கடினமாக இருக்க வேண்டும், மெத்தென்றிருந்தால் வாங்க வேண்டாம். கிழங்கைவிடச் சற்றே அகலமான தொட்டியில், மேல் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரியும்படி நட்டு, முளை வரும் வரை மிகக் குறைவாகத் தண்ணீர் விடுங்கள். ஆறு முதல் எட்டு வாரங்களில் பூக்கும். ஜனவரி முதல் வாரத்தில் நட்டால், குளிர் எல்லோரையும் சலிக்கச் செய்யும் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் உள்ளங்கை அகலப் பூக்கள் விரியும். டிசம்பரில் பூத்த தொட்டியை வாங்குவதைவிட இது எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் தண்டு வளர்வதைக் குழந்தைகள் அளந்து பார்க்கலாம். உங்கள் வடக்கு யன்னல் அதற்குப் போதாது. வெளிச்சமான வேறோர் அறையில் மொட்டு நிறம் காட்டும் வரை வளர்த்து, பிறகு வரவேற்பறைக்குக் கொண்டுவாருங்கள். அங்கே குளிர்ச்சியாக இருப்பதால் பூ கூடுதல் நாள்கள் நிற்கும்.

பேப்பர்வைட் என்னும் வெள்ளை நார்சிசஸுக்கு மண்கூட வேண்டாம், கூழாங்கற்களும் தண்ணீரும் போதும். நான்கு முதல் ஆறு வாரங்களில் பூத்துவிடும். ஒளி குறைந்த வீட்டில் அது நெடுநெடுவென வளர்ந்து சாய்வதுதான் குறை. கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழியை 2006இல் வெளியிட்டார்கள். முளை இரண்டு அங்குலம் வந்தபின், வெறும் தண்ணீருக்குப் பதிலாக 4 முதல் 6 விழுக்காடு மதுசாரம் கலந்த தண்ணீரை ஊற்றினால், தண்டு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குட்டையாகிறது, பூ வழக்கம் போலவே வருகிறது. 40 விழுக்காட்டு வொட்கா ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் சேர்த்தால் சரியாக 5 விழுக்காடு. பியரும் வைனும் அவற்றிலுள்ள சர்க்கரையால் ஒத்துவராது.

ஐந்து வயதுக் குழந்தை இருப்பதால் ஓர் எச்சரிக்கை. அமரில்லிஸ், நார்சிசஸ் கிழங்குகள் பார்ப்பதற்கு வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் உண்டால் நச்சு. சமையலறை மேசையில் அவற்றை ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள்.

மறுமொழி: நிறைகுடம் (பிரம்டன்)

ஜனவரி 14 அளவில் தைப்பொங்கல் வருவதை யாரும் சொல்லவில்லையே. நத்தாரை எடுத்து வைத்த பத்து நாளுக்குள் நம்முடைய திருநாள் வருகிறது. அந்த வெற்றிடத்தை அதைவிடச் சிறப்பாக எது நிரப்பும்? ஒன்ராறியோவில் 2014இல் சட்டமன்றமும், 2016இல் கனடா நாடாளுமன்றமும் ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக ஏற்றுக்கொண்டன. எனவே ஜனவரி முழுவதும் வீடு தமிழ்க் கோலம் கொண்டிருப்பது பிள்ளைகளுக்கும் பெருமையாக இருக்கும்.

வெளியே பனியில் மாக்கோலம் நிற்காது என்பதால், கறுப்பு வண்ணம் பூசிய பலகையில் வெண்கட்டியால் கோலமிட்டு, வாசற்கதவின் உட்புறத்தில் சாய்த்து வையுங்கள். வாரம் ஒரு கோலமாக மாற்றலாம், புள்ளிகள் வைப்பது மகனின் பொறுப்பாக இருக்கட்டும். தமிழ்க் கடைகளில் வாங்கும் மாவிலை வெளியே தொங்கினால் உறைந்து கறுத்துவிடும், உள்ளேயும் விரைவில் காய்ந்துவிடும். ஆகவே பொங்கலுக்கு மட்டும் உண்மையான தோரணம் கட்டி, மற்ற நாள்களுக்குப் பச்சைக் கம்பளித் துணியில் மாவிலை வடிவம் வெட்டிக் கோத்துவிடலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த பனையோலைப் பெட்டிகள், கடகம், சுளகு இருந்தால் சுவரில் மாட்டுங்கள். ஓலையின் பொன்னிறம் நண்பர் சொன்ன மஞ்சள் விளக்கில் மிக நன்றாக மிளிரும். பூசைக்கு வைக்காத பித்தளைக் குடம் ஒன்றில் அந்தச் செந்தண்டுக் குச்சிகளை நிறுத்தினால் இரண்டு நாடுகளும் ஒரே மூலையில் சேர்ந்திருக்கும்.

மறுமொழி: குடில் (மொன்றியல்)

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் வீட்டில் ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாள் வரை எதையும் தொடுவதில்லை. பெப்ரவரி 2இல் வரும் காணிக்கைத் திருநாள் வரை குடிலை வைத்திருப்பதும் பழைய வழக்கம். ஆகவே புத்தாண்டு பிறந்ததும் அவசரமாகக் கழற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாரத்துக்கு ஒன்றாக எடுத்தால் வெறுமை திடீரென்று தெரியாது.

மீண்டும்: வடக்குயன்னல் (ஸ்காபரோ)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. விளக்குச் சரத்தை யன்னலில் கட்டி டைமரும் வைத்துவிட்டோம். அம்மா தன் நாற்காலி விளக்கின் கீழ் மீண்டும் பத்திரிகை வாசிக்கத் தொடங்கியிருக்கிறார். வெள்ளிப் பொருள்கள் எதையும் வாங்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் மீதம் உள்ளது. எங்கள் பின்வளவில் போர்சித்தியாச் செடி ஒன்று நிற்கிறது. அதன் கிளைகளை வீட்டுக்குள் வைத்துக் குளிர்காலத்திலேயே பூக்கவைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். இப்போதே வெட்டலாமா?

மறுமொழி: கிழங்குத்தோட்டம் (ஒட்டாவா)

இப்போது வேண்டாம். மொட்டுகள் குறைந்தது ஆறு வாரங்களாவது நல்ல குளிரில் உறங்கியிருக்க வேண்டும், எனவே பெப்ரவரி வரை பொறுத்திருங்கள். வெப்பநிலை சுழியத்துக்கு மேல் போகும் ஒரு நாளில், மெலிந்த இலைமொட்டுகளை விட்டு, உருண்ட பூமொட்டுகள் நெருங்கியிருக்கும் கிளைகளாகத் தேர்ந்து வெட்டுங்கள். அடித்தண்டைச் சரிவாக மீண்டும் ஒருமுறை நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, சூடான காற்று படாத இடத்தில் வையுங்கள். தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் ஒன்று முதல் மூன்று வாரங்களில் மஞ்சளாகப் பூக்கும். எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் வெட்டாமல் பத்து நாள் இடைவெளியில் வெட்டினால், ஒரு தொகுதி உதிரும்போது அடுத்தது பூக்கத் தயாராக இருக்கும்.