சின்னச் செலவுக்கும் இன்சூரன்ஸ் வேண்டுமா, பெரிய அடிக்கு மட்டும் போதுமா?

புதுக்குடித்தனம்:
அனைவருக்கும் வணக்கம். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருவன்தான். மனைவி, கைக்குழந்தை, அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து வருடப் பழைய கார் ஒன்று உண்டு. அலுவலகத்தில் குடும்பம் முழுக்க சேர்த்து மெடிக்கல் குரூப் பாலிசி கொடுத்திருக்கிறார்கள்.

தெரிந்த ஏஜென்ட் ஒருவர் மூன்று விண்ணப்பங்களை நீட்டியிருக்கிறார்: எனக்கு 20 வருட எண்டோமென்ட் (நடுவில் இறந்தாலும், முடிவில் உயிரோடு இருந்தாலும் பணம் தரும் பாலிசி), குழந்தை பெயரில் ஒன்று, காருக்கு எல்லாம் அடங்கிய முழு பாலிசி. மூன்றையும் எடுத்தால் மாதக் கடைசியில் கை காய்ந்துவிடும். எதை எடுக்கலாம், எதை விடலாம்? ஏஜென்டைத் திட்ட வேண்டாம், சொந்தக்காரர்.

கணக்குப்பிள்ளை:
மூன்றும் வேண்டாம். சொந்தக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எந்த நஷ்டம் வந்தால் குடும்பம் எழுந்திருக்கவே முடியாதோ, அதற்குத்தான் இன்சூரன்ஸ். மற்றதைக் கைக்காசில் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் கட்டும் பிரீமியத்தில் கமிஷன், அலுவலகச் செலவு, கம்பெனி லாபம் எல்லாம் அடக்கம். அடிக்கடி வரும் சில்லறைச் செலவை அந்த வழியாகக் கொடுத்தால் செலவோடு இதையும் சேர்த்தே அழுகிறோம். பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: பிரீமியத்தில் இப்படிச் செலவு ஏறியிருந்தால், ஒரு தொகை வரை நாமே தாங்கிக்கொண்டு அதற்கு மேல் முழுசாகக் காப்பீடு எடுப்பதுதான் வாங்குபவருக்கு நல்லது. அந்தத் தொகைக்குத்தான் டிடக்டிபிள் என்று பெயர்.

உங்கள் வீட்டில் எழுந்திருக்க முடியாத அடி நான்குதான். நீங்கள் இறப்பது, உயிரோடிருந்தும் சம்பாதிக்க முடியாமல் கிடப்பது (இதை எல்லோரும் மறக்கிறார்கள், இறப்பவருக்காவது சாப்பாட்டுச் செலவு இல்லை), பெரிய ஆஸ்பத்திரி பில், உங்கள் கார் மோதி இன்னொருவருக்கு ஆகும் உயிர்ச்சேதம்.

முதல் அடிக்கு டேர்ம் பாலிசி, அதாவது குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது. எவ்வளவுக்கு? கடன் பாக்கியை எழுதுங்கள். குழந்தை சொந்தக் காலில் நிற்கும் வரைக்குமான வீட்டுச் செலவைக் கூட்டுங்கள். இருக்கும் சேமிப்பைக் கழியுங்கள். "வருடச் சம்பளத்தைப் போல 10 மடங்கு" என்பது குத்துமதிப்பு, கடன் உள்ளவருக்குப் பெரும்பாலும் போதாது. குழந்தைக்கு எதற்குப் பாலிசி? அதன் சம்பளத்தை நம்பி வீட்டில் யாராவது இருக்கிறீர்களா?

காருக்குத் தேர்ட் பார்ட்டி (உங்கள் காரால் மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு) மட்டும். உச்சவரம்பைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஆகப் பெரியதாக எடுங்கள். பத்து வருடக் கார் அடியோடு போனாலும் கம்பெனி தரப்போவது தேய்மானம் போக மிஞ்சிய மதிப்புதான்.

நிழல்மரம்:
"கைக்காசில் பார்த்துக்கொள்ள வேண்டும்." எந்தக் கைக்காசு சகோ? மாதக் கடைசியில் கை காய்ந்துவிடும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

உங்கள் கணக்கு சேமிப்பு உள்ளவனுக்கான கணக்கு. டிடக்டிபிளை 10,000 கூட்டினால் பிரீமியத்தில் வருடம் 1,500 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அசல் திரும்ப 6 வருடம் 8 மாதம் ஆகும். அதற்கு நடுவில் ஒரு நாள் பில் வந்தால் 10,000ஐ அன்றைக்கே எடுத்து வைக்க வேண்டும். இல்லாதவன் வட்டிக்கு வாங்குவான். வட்டி கட்ட டேர்ம் பிரீமியத்தை நிறுத்துவான். உங்கள் "எழுந்திருக்க முடியாத அடி" சின்னச் செலவு வழியாகத்தான் உள்ளே வருகிறது.

அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1974 முதல் 1982 வரை ஒரு பெரிய சோதனை நடத்தியது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு மருத்துவம் முழு இலவசம், மற்றவர்களுக்குப் பில்லில் ஒரு பங்கு சொந்தக் காசு. சொந்தக் காசு போட்டவர்கள் டாக்டரிடம் போவதைக் குறைத்தார்கள். தேவையில்லாத சிகிச்சையை மட்டுமா விட்டார்கள்? தேவையானதையும் ஏறக்குறைய அதே அளவுக்கு விட்டார்கள். ஏழைகளில் நோயோடு இருந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் இலவசப் பிரிவில்தான் நன்றாகக் கட்டுக்குள் இருந்தது.

கணக்குப்பிள்ளை:
அதே சோதனையில் சராசரி ஆளின் உடல்நிலையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்பதும் முடிவுதான். பாதியை மட்டும் எடுத்துப் போடாதீர்கள்.

நிழல்மரம்:
இங்கே கேள்வி கேட்டிருப்பவர் சராசரி ஆள் இல்லை. அறுபது தாண்டிய பெற்றோரோடு இருக்கிறார்.

பாலிசிக்காரர்:
நெடுங்காலம் ஏஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆளாளுக்கு எண்டோமென்டை அடிக்கிறீர்கள், ஒரு வார்த்தை சொல்ல விடுங்கள்.

தம்பி, "டேர்ம் எடு, மிச்சத்தை முதலீடு செய்" என்று சொல்வது சுலபம். டேர்ம் எடுப்பார்கள். மிச்சம் புது போனாக மாறிவிடும். நான் பாலிசி போட்டுக் கொடுத்தவர்களில் எத்தனையோ பேருக்கு, மகள் படிப்புக்கு உருப்படியாகக் கையில் வந்தது அந்த முதிர்வுத் தொகை ஒன்றுதான். தப்பித் தவறி இறந்திருந்தாலும் குடும்பத்துக்குப் பணம். டேர்மில் உயிரோடு இருந்தால் கட்டியது அத்தனையும் போச்சு.

கணக்குப்பிள்ளை:
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். வருடத் தொடக்கத்தில் 1,000 வீதம் 20 வருடம் கட்டுகிறார். மொத்தம் 20,000. முடிவில் 30,000 வருகிறது. "50 சதவீத லாபம்" என்று சொல்லி விற்கிறார்கள். வருட வட்டியாகப் போட்டுப் பாருங்கள், சுமார் 3.7 சதவீதம். விலைவாசி அதைவிட வேகமாக ஏறினால் கையில் வரும் 30,000 கட்டியதைவிடக் குறைவான சரக்குதான் வாங்கும். இதற்கு நடுவில் அவர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது அதே பிரீமியத்துக்கு டேர்மில் கிடைத்திருப்பதில் ஒரு துண்டு.

"கட்டியது போச்சு" என்று வருத்தப்படுபவர், வீடு தீப்பிடிக்காத வருடம் தீ இன்சூரன்ஸுக்காக வருத்தப்படுவாரா? கட்டாயச் சேமிப்புதான் வேண்டுமென்றால் சம்பளம் வந்த மறுநாளே தானாகப் பிடிக்கும் வங்கிக் கணக்கு போதும்.

பாலிசிக்காரர்:
வங்கிக் கணக்கை உட்கார்ந்த இடத்திலேயே உடைத்துவிடலாம். பாலிசியைப் பாதியில் விட்டால் நஷ்டம் என்று தெரிவதால்தான் கை வைக்க மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
அதாவது அபராதம்தான் அதன் சிறப்பம்சம்.

சலித்தவன்:
எதை எடுத்து என்ன? கட்டும்வரை ராஜா, கேட்கும்போது கள்வன். எங்கள் வீட்டில் ஒரு ஆபரேஷன். பாலிசியில் இருந்ததைவிட வசதியான ரூம் எடுத்தோம், வாடகை வித்தியாசத்தைத்தான் கழிப்பார்கள் என்று நினைத்தால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் எல்லாவற்றிலும் பாதியை வெட்டினார்கள். அந்தப் பிரீமியத்தை உண்டியலில் போட்டிருந்தால் மிஞ்சியிருக்கும்.

கோப்புக்காரி:
கிளெய்ம் கோப்பு பார்க்கும் வேலையில் இருப்பவள். சலித்தவன் சொன்னதற்கு முதலில் விளக்கம், நியாயம் இல்லை, விளக்கம் மட்டும். பல ஆஸ்பத்திரிகளில் ரூம் ரகத்தைப் பொறுத்து சர்ஜன் கட்டணம் முதல் தியேட்டர் வாடகை வரை எல்லாம் ஏறும். அதனால் ரூமுக்கு நாளுக்கு 1,000 வரம்புள்ள பாலிசியோடு 2,000 ரூமில் படுத்தால், ரூமோடு சேர்ந்து ஏறும் எல்லாச் செலவிலும் பாதிதான் தருவோம் என்று சில பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாத பாலிசிக்குக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கேட்பார்கள். கொடுக்கலாம் என்பது என் கருத்து. கோ-பேயும் அப்படியே: 20 சதவீதம் என்றால் பில் எவ்வளவு பெரிதானாலும் ஐந்தில் ஒரு பங்கு உங்களுடையது. டிடக்டிபிளாவது ஒரு தொகையோடு நின்றுவிடும், கோ-பே பில்லோடு வளரும். கணக்குப்பிள்ளை இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி நிஜமாகக் கிளெய்ம் எங்கே சாகிறது என்று சொல்கிறேன். விண்ணப்பத்தில். "சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, முன்பு ஆபரேஷன் உண்டா" என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே கையெழுத்தில் "இல்லை, இல்லை, இல்லை" என்று இருக்கும். கீழே கையொப்பம் மட்டும் வேறு பேனா. ஏஜென்ட் நிரப்பினார், இவர் கையொப்பம் போட்டார். பிறகு ஆஸ்பத்திரியில் சேரும்போது பயிற்சி டாக்டர் கேட்பார், "சர்க்கரை எத்தனை வருடமா இருக்கு?" இவர் வெள்ளந்தியாக "ஒரு அஞ்சு வருஷமா" என்பார். அந்த ஒரு வரி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிவிடும். பாலிசிக்கு வயது இரண்டு வருடம். மேற்கொண்டு நான் எழுத வேண்டியதில்லை.

இந்த நியாயம் மிகப் பழையது. 1766இல் லண்டனில் கார்ட்டர் எதிர் போம் என்ற வழக்கில் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு சொன்னது: ஆபத்தைக் கணிக்க வேண்டிய விவரம் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவருக்கு மட்டுமே தெரியும், ஆகவே மறைக்கக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், கம்பெனிகள் எடுத்து வீசும் இந்த வழக்கில் ஜெயித்தவர் காப்பீடு எடுத்தவர்தான். காப்பீடு கொடுத்தவர் தானே தெரிந்துகொண்டிருக்கக் கூடிய விஷயம் அது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னாளில் பிரிட்டனே 2012இல் சட்டம் மாற்றி, தனிநபர்கள் கேட்ட கேள்விக்குக் கவனமாகவும் உண்மையாகவும் பதில் சொன்னால் போதும் என்று ஆக்கியது. உங்களுக்கு என் அறிவுரை, கேட்காததையும் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறும், வெயிட்டிங் பீரியட் (ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருக்கும் காலம்) போடுவார்கள், ஆனால் கோப்பு நிற்கும்.

கார் விஷயத்திலும் ஒன்று. வெள்ளத்தில் நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு போகாமல், ஓடுகிறதா பார்க்கலாம் என்று ஸ்டார்ட் செய்வார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராட் வளையும். வெள்ளம் பாலிசியில் உண்டு, ஆனால் "நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்" என்று எஞ்சினை ஒதுக்கிவிடுவோம். தனி ஆட்ஆன் எடுத்திருந்தால் ஒழிய. சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு ஓட்டியிருந்தாலும் சிக்கல்தான்.

சலித்தவன்:
விளக்கத்துக்கு நன்றி மேடம். ரூமுக்குள் போகும் முன் இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை என்பதுதான் என் கோபம்.

நிழல்மரம்:
அலுவலக குரூப் பாலிசியைப் பற்றி யாரும் பேசவில்லை. அது வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். வேலை போகிற வயதில் சர்க்கரையும் பிரஷரும் வந்திருக்கும், அப்போது புதிதாக எடுக்கப் போனால் முதல் நாளிலிருந்து காத்திருக்க வேண்டும். இளவயதிலேயே சொந்தமாக ஒன்று, தொகை சின்னதானாலும் சரி. இங்கே கணக்குப்பிள்ளையும் ஒத்துக்கொள்வார்.

கணக்குப்பிள்ளை:
ஒத்துக்கொள்கிறேன். அலுவலகப் பாலிசி இருக்கும் வரை அதையே டிடக்டிபிளாக வைத்து, அதற்கு மேல் தொடங்கும் டாப்-அப் எடுத்தால் பிரீமியம் பாதிகூட ஆகாமல் போகலாம். ஆனால் அப்பா அம்மாவை ஒரே ஃப்ளோட்டரில் போடாதீர்கள். ஃப்ளோட்டர் என்றால் ஒரே தொகையை எல்லோரும் பங்கு போடுவது. மூத்தவர் வயதை வைத்துப் பிரீமியம் போடுகிற பாலிசிகள் உண்டு. அப்பாவின் ஒரு ஆபரேஷனில் வருடத் தொகை தீர்ந்தால் குழந்தைக்கு டெங்கு வரும்போது மிச்சம் இருக்காது. அவர்களுக்குத் தனி.

நிழல்மரம்:
டாப்-அப்பில் ஒரு கொக்கி. வேலை போனால் கீழ்த்தட்டு காணாமல் போய்விடும், மேல்தட்டு மட்டும் அந்தரத்தில் நிற்கும். பழையபடி "கைக்காசு" கேள்விதான்.

ஊதியமில்லா உழைப்பு:
"சம்பாதிப்பது நான் ஒருவன்" என்று ஆரம்பித்தார், யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. கணக்குப்பிள்ளை சாரின் சூத்திரத்திலும் சம்பளம்தான் வருகிறது. அந்த அம்மா நாளைக்கு இல்லை என்றால் கைக்குழந்தையை யார் பார்ப்பது, இரண்டு முதியவர்களுக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பது? ஆள் வைத்தால் மாதச் சம்பளம். இல்லையென்றால் இவர் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டுமே பணம். குழந்தைக்குப் போடச் சொன்ன பாலிசிக் காசில் மனைவி பெயரில் டேர்ம் வருமா என்று பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
சரியான கேள்வி. மாற்று ஆளுக்கு ஆகும் வருடச் செலவு × குழந்தை பள்ளி முடிக்கும் வரையான வருடங்கள் என்று போடலாம். ஆனால் சொந்த வருமானம் இல்லாதவருக்குப் பெரிய தொகை தரப் பல கம்பெனிகள் தயங்கும், கணவரின் பாலிசித் தொகையோடு ஒப்பிட்டு உச்சவரம்பு வைப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

புதுக்குடித்தனம்:
எல்லோருக்கும் நன்றி. எனக்கு டேர்ம், சம்பாதிக்க முடியாமல் போனால் வருமானம் தரும் காப்பீடு, பெற்றோருக்குத் தனி மெடிக்கல், எங்கள் மூவருக்கும் சின்னதாக ஒரு சொந்த பாலிசி, மனைவிக்கும் விசாரிக்கிறேன். குழந்தை பாலிசி இல்லை. டிடக்டிபிளை, கைவசம் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் சேரும் வரை, குறைவாக வைத்து, அப்புறம் கூட்டலாம் என்றிருக்கிறேன். காரில்தான் குழப்பம் தீரவில்லை, அதில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

இன்னொன்று. சொந்தக்காரரிடம் எப்படிச் சொல்வது?

பாலிசிக்காரர்:
டேர்மை அவரிடமே எடு தம்பி. கமிஷன் குறைவு என்று முகம் சுண்டும், பரவாயில்லை. நாளைக்கு ஒன்று என்றால் உன் வீட்டுக்காரிக்காக அந்த அலுவலகப் படி ஏறி இறங்க ஒரு ஆள் வேண்டும். நாமினி பெயரை மட்டும் சரியாக எழுது, பாலிசி எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி வை.

கோப்புக்காரி:
விண்ணப்பத்தை அவரிடம் கொடுக்காதீர்கள். நீங்களே நிரப்பி, நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிழல்மரம்:
கார் அன்றாட வேலைக்கு என்றால் இன்னும் இரண்டு வருடம் முழு கவர் எடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். அந்தப் பிரீமியத்தை வண்டிக்கென்று தனியாக ஒதுக்குங்கள். சின்ன இடிக்குக் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடி) போகும்: 10,000 பிரீமியத்தில் 40 சதவீதத் தள்ளுபடி இருந்து அது போனால் அடுத்த வருடமே 4,000 கூடுதல். 3,000 ரூபாய் பம்பருக்கு யாராவது அதைச் செய்வார்களா?

நிழல்மரம்:
3,000 கையில் இல்லாதவர் செய்வார்.