புதுப்பிப்பு: அப்பத்தாவின் ஞாபகச் சோதனை

காரைக்குடியில் எங்கள் அப்பத்தாவுக்கு ஞாபகச் சோதனை வைத்து, 30-க்கு 17 வந்ததும் மறதி நோய் என்று சொல்லிவிட்டார்கள் என எழுதியிருந்தேன். வேறு மருத்துவரிடம் காட்டச் சொன்னவர்களுக்கு நன்றி. மதுரைக்குப் போய்வந்தோம்.

அங்கே மருத்துவர் முதலில் கேட்டது, "ஆச்சி எதுவரைக்கும் படிச்சாங்க?" மூன்றாம் வகுப்பு. காரைக்குடியில் வைத்தது எம்.எம்.எஸ்.இ. (மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்) என்ற, 1975-இல் வந்த ஞாபகச் சோதனை. அதில் வாக்கியம் எழுதுவது, படம் வரைவது, நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது எல்லாம் உண்டு. அதிகம் படிக்காதவர்களுக்கு அதிலேயே மதிப்பெண் போய்விடுமாம். இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

அப்பத்தாவுக்குக் காதுக்கருவியை மாட்டிவிட்டு மருத்துவர் நிதானமாகக் கேட்டார். கடிகாரம் வரையும்போது அப்பத்தாவின் பென்சில் பிடித்த விரல்கள் தடுமாறின. பலகாரப் பெயர்கள் கேட்டதும் சீப்புச்சீடை, மாவுருண்டை, மனகோலம், அதிரசம் என்று அப்பத்தா மூச்சுவிடாமல் அடுக்கினார். ஆனால் சற்றுமுன் சொல்லிக்கொடுத்த மூன்று சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது.

அப்புறம் சமையல், பணம், மாத்திரையையெல்லாம் அப்பத்தா எப்படிச் சமாளிக்கிறார் என்று மருத்துவர் அத்தையிடம் தனியாக விசாரித்தார். ரத்தத்தில் வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சரி. பி12 குறைந்தாலும் மறதி வருமாம். ஊசி ஆரம்பித்தாயிற்று. ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை. அதுவரை இதற்கு நோய்ப் பெயர் எதுவும் வைக்க வேண்டாம் என்றிருக்கிறார்.