ஒளி சிகிச்சையும் தூக்கமும்: தெரிந்தவர்கள் விளக்குங்களேன்

வணக்கம். என் தங்கைக்கு மனச்சோர்வு. மருந்தோடு ஒளி சிகிச்சையும் தொடங்கலாம் என்கிறார் டாக்டர்: காலையில் எழுந்ததும் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விளக்கின் முன் அரை மணி நேரம். விழித்திரையில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் நிறமி உள்ள செல்கள் ஒளியை உணர்ந்து மூளையின் உயிர்க்கடிகாரத்தைச் சரிசெய்கின்றன, இரவில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கும் நேரமும் முன்னால் நகர்கிறது. அதுவரை புரிகிறது. இதில், மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான செரடோனினின் பங்குதான் பிடிபடவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது இன்னொன்று. ஓர் இரவு முழுக்க விழித்திருந்தால், மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுநாளே மனம் லேசாகிறது. ஆனால் மறுபடி தூங்கியதும் பெரும்பாலோருக்குப் பழைய நிலை திரும்பிவிடுகிறது. மாத்திரைக்கு வாரக்கணக்கில் ஆவது ஒரே இரவில் எப்படி நடக்கிறது? விழித்திருக்கும்போது மூளையில் சேர்ந்து தூக்கம் வரவைக்கும் அடினோசினாலா, இல்லை ஊக்கத்தோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருளாலா? (மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இது அந்த மிகை உற்சாகத்தை, அதாவது பித்துநிலையைத் தூண்டக்கூடும். அதனால் நாங்களாக வீட்டில் முயலப் போவதில்லை.)

மூளை வேதியியல் படித்தவர்கள் எளிமையாக விளக்க முடியுமா? அப்புறம், மனச்சோர்வு மாத்திரையோடு ஒளி விளக்கும் பயன்படுத்தியவர்கள், தூக்கம் எப்படி மாறியது, கண் கூச்சமோ தலைவலியோ வந்ததா என்று சொல்லுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சரியாகக் கேட்க உதவும்.