புதுப்பிப்பு: மாலத்தீவு ரிசார்ட்டில் ஹாஃப் போர்டா, ஃபுல் போர்டா?

முன்பு கேட்டது: 4 இரவு, பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர், எந்தச் சாப்பாட்டு பிளான், ஹாஃப் போர்டா (காலை, இரவு உணவு), ஃபுல் போர்டா (மதியமும் சேர்த்து)? 'காலை உணவு மட்டும் போதும்' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பெரும்பாலும் தீவுக்கு ஒரே ரிசார்ட், வெளியே போய்ச் சாப்பிட வழியில்லை.

மெனு விலைக்குப் பக்கத்தில் '++' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த விலைக்கு மேல் 10% சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்த தொகைக்கு 17% சுற்றுலா ஜிஎஸ்டி (2025 ஜூலை முதல்). 20 டாலர் பாஸ்தா 25.74 ஆகிவிடும். பிளான் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒன்றை வரியோடும் மற்றதை வரியில்லாமலும் ஒப்பிட்டுத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கடல் விமானம் பகலில்தான் பறக்கும். பிற்பகலில் இறங்கி, ஐந்தாம் நாள் காலையில் கிளம்பினால் கையில் கிடைப்பது 3 மதியச் சாப்பாடு. ஃபுல் போர்டு காசோ பொதுவாக 4 நாளுக்கு.

காலை பஃபேயை 10 மணிக்கு முடிக்கும் குடும்பத்துக்கு ஹாஃப் போர்டும், மதியம் பகிர்ந்துகொள்ள ஒரு பீட்சாவும் தாராளம். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும் பிள்ளைகள் என்றால் ஃபுல் போர்டுதான்.

இரவு உணவோடு குடிக்கும் தண்ணீருக்குப் பல இடங்களில் தனி பில். பிள்ளைகளுக்கான வயது வரம்பு ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும். இரண்டையும் மெயிலில் எழுதி வாங்குங்கள்.