எழவு வீட்டில் மைக் நீட்டுவது செய்தியா, அத்துமீறலா?

மழைக்காகம்:
போன வருடம் ஒரு பேருந்து விபத்தில் என் அக்கா மகன் இறந்துபோனான். அவனோடு இன்னும் பல பேர், எல்லாரும் ஒரே பகுதிக்காரர்கள், அதனால் தெருவுக்குத் தெரு சாவு. அக்காவிடம் "அடிபட்டிருக்கிறது, சிகிச்சையில் இருக்கிறான்" என்று சொல்லி வைத்திருந்தோம், அத்தான் மருத்துவமனையில் இருந்து வந்ததும் பக்குவமாகச் சொல்லலாம் என்று. அதற்குள் வாசலில் ஒரு டிவி நிருபர் மைக்கை நீட்டி, "மகனை இழந்து நிற்கிறீர்கள், என்ன சொல்ல விரும்புகிறீர்கள்" என்று கேட்டுவிட்டார். அவளுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான். அவள் சரிந்து விழுந்ததை அன்று முழுக்க ஓட்டினார்கள், பின்னால் சோக இசை வேறு. இப்போது முதலாண்டு நினைவு நாள் வருகிறது, நான்கு நாட்களாகத் திரும்பவும் போன். சாவு நடந்த வீட்டுப் பக்கம் கேமராவே வரக்கூடாது என்று சட்டம் வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.

குறுக்குக்கேள்வி:
உங்கள் அக்காவுக்கு நடந்ததை நான் நியாயப்படுத்தப் போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சட்டம், தடை என்றதும் எனக்கு யுவால்டி ஞாபகம் வருகிறது. 2022 மே 24, டெக்சாஸில் ஒரு பள்ளி, 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுடப்பட்டார்கள். போலீஸ் உடனே பாய்ந்து பல உயிர்களைக் காப்பாற்றியது என்றுதான் முதல் நாள் அதிகாரிகள் சொன்னார்கள். அப்புறம்தான் தெரிந்தது, 77 நிமிடம் தாழ்வாரத்தில் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தார்கள். அது எப்படி வெளியே வந்தது? பள்ளிக்கு வெளியே கதறிக்கொண்டு நின்ற பெற்றோர்கள் நிருபர்களிடம் பேசினார்கள், நிருபர்களும் விடாமல் கேட்டார்கள். நீங்கள் கேட்கும் தடை அன்றைக்கு இருந்திருந்தால் அது யார் கையில் இருந்திருக்கும்? அதே போலீஸ் கையில்தான்.

நிலவறை:
யுவால்டியைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. அந்தத் தாழ்வார வீடியோவைக் குடும்பங்களுக்கு முதலில் காட்டுவதாகத் தேதி குறித்திருந்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூலை 12 அன்று, டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பத்திரிகையும் டிவியும் அதை வெளியிட்டுவிட்டன. குழந்தைகளின் அலறல் சத்தத்தை மட்டும் நீக்கிவிட்டோம் என்று ஒரு குறிப்பு. பெற்றவர்கள் அதை உலகத்தோடு சேர்ந்து போனில் பார்த்தார்கள். இதற்கும் உண்மை என்றுதான் பெயரா?

குறுக்குக்கேள்வி:
ஆமாம், அதற்கும் அதே பெயர்தான். வெளியிட்ட நேரம் கொடுமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வீடியோ இல்லையென்றால் 77 நிமிடம் என்பது ஒரு அறிக்கையில் ஒரு வரியாகப் போயிருக்கும்.

நிலவறை:
சரி, தாய்லாந்துக்கு வாருங்கள். 2022 அக்டோபர், நோங் புவா லம்பு மாகாணத்தில் ஒரு மழலையர் காப்பகத்தில் படுகொலை. சி.என்.என். குழு ரத்தம் காயாத அறைக்குள் போய்ப் படம் பிடித்தது. நுழைய அனுமதி இருந்தது என்று நினைத்தோம் என்றார்கள், அப்புறம் மன்னிப்புக் கேட்டு வீடியோவை எடுத்தார்கள். சுற்றுலா விசாவில் வேலை பார்த்ததற்காக ஆளுக்கு 5,000 பாட் அபராதம். அந்தக் காட்சியால் எந்த உண்மை வெளியே வந்தது, சொல்லுங்கள். குழந்தைகள் செத்தார்கள் என்பது முன்னாலேயே தெரியும்.

குறுக்குக்கேள்வி:
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தெருவோரம்:
பார்க்கிறவர்கள் நாம்தானே, நாம் பார்க்காவிட்டால் அவர்கள் போடமாட்டார்கள்.

மழைக்காகம்:
இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது நண்பரே. என் அக்கா யாரையும் பார்க்கச் சொல்லவில்லை. எல்லாரும் குற்றவாளி என்றால் யாருமே குற்றவாளி இல்லை என்று ஆகிவிடும், டிவி நிலையத்துக்காரர்களுக்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

பழைய நிருபர்:
பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் இந்த வேலை பார்த்தவன், அதனால் இரண்டு தரப்புக்கும் பிடிக்காததைத்தான் சொல்லப்போகிறேன்.

விபத்து என்றால் செய்தி அலுவலக டெஸ்க்கில் இருந்து வருகிற முதல் உத்தரவு "போட்டோ வாங்கு, அம்மா பைட் வாங்கு". பைட் என்றால் கேமரா முன் பேசும் இரண்டு வார்த்தை, அதுவும் அம்மாதான். அப்பா பேசினால் பாதி மதிப்பு. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று, "முடிந்தால் இரண்டு வார்த்தை" என்று மரியாதையாகத்தான் கேட்பேன். கதவை என் முகத்தில் சாத்திய வீடு உண்டு. ஒரு அப்பா என்னை உட்காரவைத்து மகளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார், பள்ளி நோட்டெல்லாம் எடுத்துக் காட்டினார், கிளம்பும்போது நன்றி சொன்னார். உறவுக்காரர்கள் எல்லாம் "அழாதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம், அவளைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நான்தானாம். அதனால் தடை என்றால் எனக்கு உறுத்துகிறது, அந்த மனிதரிடம் யாருமே போயிருக்கக்கூடாது என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் எங்களுக்குள் ஒரு குருட்டுத்தனம் உண்டு. நான் ஒருவன்தானே, ஒரே ஒரு கேள்விதானே, பணிவாகத்தானே கேட்டேன் என்று ஒவ்வொருவனும் நினைப்பான். எனக்கு முன்னால் எத்தனை பேர் அதே வாசலில் அதே பணிவோடு கேட்டுவிட்டுப் போனார்கள் என்று நாங்கள் எண்ணுவதில்லை. அந்த வீட்டுக்கு நான் நாற்பதாவது ஆள். கெட்டவன் ஒருத்தன் கூட இல்லாமலேயே ஒரு குடும்பத்தைச் சித்திரவதை செய்துவிட முடியும், அதை எந்த விதிமுறைப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நிலவறை:
கெட்டவன் இல்லாமலா? 1966-இல் வேல்ஸில் அபர்ஃபான் என்ற சுரங்கக் கிராமம். நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது, 144 சாவு, அதில் 116 குழந்தைகள். தோண்டிக்கொண்டிருந்த ஒருவர் பிறகு சொன்னது இது: ஒரு புகைப்படக்காரர் ஒரு சின்னப் பிள்ளையிடம், செத்துப்போன உன் தோழர்களுக்காக அழு, படம் நன்றாக வரும் என்றாராம். அவரும் உங்களைப் போலச் செருப்பைக் கழற்றியிருப்பாரோ?

பழைய நிருபர்:
இருந்தார்கள், இருக்கிறார்கள். நானும் ஒரு முறை சுவரில் இருந்த போட்டோவைக் கேட்காமல் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறேன், திருப்பிக் கொடுக்கவில்லை. இதற்கு மேல் என்ன சொல்ல.

குறுக்குக்கேள்வி:
அபர்ஃபானை எடுத்ததால் சொல்கிறேன். அந்த மலை ஆபத்து என்று ஊர்க்காரர்கள் முன்பே எச்சரித்தார்கள், நிலக்கரி வாரியம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லண்டன் கிரென்ஃபெல் கட்டடம், 2017 ஜூன் 14, 72 பேர் தீயில் போனார்கள், அங்கேயும் அதே கதை. ஒரு பேரழிவு நடந்தால்தான் கட்டடத்தை நிர்வகிப்பவர்களின் திறமைக்கேடு வெளியே தெரியும் என்று குடியிருப்பாளர்கள் முந்தைய நவம்பரிலேயே இணையத்தில் எழுதிவைத்தார்கள். தீக்குப் பிறகு கேமராவோடு போனவர்களைத் தெருவில் நிறுத்தித் திட்டினார்கள். ஏன் வந்தீர்கள் என்று மட்டும் இல்லை, நாங்கள் கத்தியபோது ஏன் வரவில்லை என்றும். அதனால்தான் சொல்கிறேன், குறைவாக வாருங்கள் என்று கேட்பதை விட முன்னாலேயே வாருங்கள் என்று கேட்க வேண்டும்.

மழைக்காகம்:
இதை ஏற்கிறேன். ஆனால் முன்னால் வராததற்கு ஈடாகப் பின்னால் வந்து குவிவது எப்படிச் சரியாகும்? டன்பிளேனைப் பாருங்கள். 1996 மார்ச், ஸ்காட்லாந்தில் ஒரு பள்ளி, 16 குழந்தைகளும் ஒரு ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறுதிச் சடங்குகளின்போது விலகி இருங்கள் என்று கேட்டார்கள், பத்திரிகைகள் ஊரைவிட்டுக் கிளம்பிப் போய்விட்டன. முடியும் என்பதற்கு அதுதான் சாட்சி. உலகம் அதனால் எதையும் இழக்கவில்லை.

குறுக்குக்கேள்வி:
கிளம்பிய அதே பத்திரிகைகள்தான் கைத்துப்பாக்கிக்கு எதிராகக் கையெழுத்து திரட்டியபோது துணை நின்றன, மறு ஆண்டே சட்டம் வந்தது. விலகியதும் திரும்பி வந்ததும் சேர்ந்துதான் டன்பிளேன்.

நிலவறை:
மூன்றாவது முறையும் வந்தார்கள். 2009-இல், உயிர் தப்பிய குழந்தைகளுக்குப் பதினெட்டு வயது ஆனதும், அவர்கள் சமூக வலைத்தளத்தில் போட்ட படங்களைத் தோண்டி, குடிக்கிறார்கள் கூத்தடிக்கிறார்கள் என்று சண்டே எக்ஸ்பிரஸின் ஸ்காட்லாந்துப் பதிப்பு முதல் பக்கத்தில் போட்டது. பிறகு மன்னிப்பு. எல்லாம் முடிந்த பிறகு மன்னிப்புக் கேட்பது இவர்களுக்குக் கைவந்த கலை.

பழைய நிருபர்:
மழைக்காகம், உங்களுக்கு உபயோகமாக ஒன்று. பிரிட்டனில் பத்திரிகை ஒழுங்கு அமைப்பிடம் ஒரு குடும்பம் ஒரே ஒரு முறை சொன்னால் போதும், "இவர்கள் பேச விரும்பவில்லை" என்று பெரும்பாலான பத்திரிகைகளுக்குக் குறிப்பு போய்விடும். நாற்பது பேருக்கு நாற்பது முறை கதவைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தடை இல்லை, பேச விரும்புகிறவர் பேசலாம். உங்கள் பக்கம் அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், குடும்பத்தில் தூரத்து ஆள் ஒருவர் எண்ணை மட்டும் கொடுங்கள், அவர் எல்லாருக்கும் ஒரே பதிலை எழுத்தில் அனுப்பட்டும்.

குறுக்குக்கேள்வி:
அது நல்ல யோசனை. ஒன்று கேட்கலாமா மழைக்காகம், தவறாக நினைக்காதீர்கள். அந்த விபத்து விசாரணை என்ன ஆயிற்று?

மழைக்காகம்:
பிரேக் பழுது என்று ஓட்டுநர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாராம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை, கோப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

நான் இதை இங்கே எழுதியிருக்க வேண்டாம், ஆனால் கேட்டுவிட்டீர்கள். போனை எடுக்கச் சொல்கிறவர் அத்தான். நினைவு நாளில் பேசாவிட்டால் அவனை எல்லாரும் மறந்துவிடுவார்கள், வழக்கும் செத்துவிடும் என்கிறார். அக்கா ஒரு வருடமாக டிவி இருக்கும் அறைக்குள்ளேயே போவதில்லை. அவள் விழுந்த அந்த வாசலில் நின்று அவர் பேசினால் அவள் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்கிறாள்.

பழைய நிருபர்:
வாசலில் வேண்டாம். வேறு எங்காவது நின்று பேசச் சொல்லுங்கள். ஓட்டுநர் எழுதிய கடிதத்தின் நகல் கையில் இருக்கட்டும், மகனைப் பற்றி என்ன கேட்டாலும் பேருந்தைப் பற்றியே பதில் சொல்லட்டும். பழைய காட்சியை மறுபடி ஓட்டமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் பேட்டி என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

மழைக்காகம்:
எழுதிக் கொடுப்பார்களா?

பழைய நிருபர்:
பாதிப் பேர் கொடுக்கமாட்டார்கள். கொடுக்கிறவனிடம் மட்டும் பேசுங்கள்.