மறு: ‘ஃபிலோ’வுக்குத் தமிழ் என்ன? மாவேடு, மாவிழை, சில சிரிய இனிப்புகள்

குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையை இன்றுதான் முழுக்கப் படித்தேன். சிரியாவின் பருப்பு (பிஸ்தா, அக்ரூட், வாதுமை) வைத்த இனிப்புகளைப் பற்றிக் கட்டுரை எழுதும் நண்பர் கேட்டது ஒரே கேள்வி: பக்லாவா என்ற பாகில் ஊறிய இனிப்பில் அடுக்கடுக்காக வரும், ஆங்கிலத்தில் ஃபிலோ எனப்படும் அந்த மெல்லிய மாவுத் தாளை என்னவென்று எழுதுவது? அதற்கு வந்த சொற்கள் அடுக்குமாவு, வீச்சுமாவு, மென்படலம். கூடவே பக்லாவாவையே ‘பருப்படுக்கினி’ ஆக்கிவிடலாம் என்று ஒரு யோசனையும் வந்திருக்கிறது.

கடைசியை முதலில் தள்ளிவிடுகிறேன். தின்பண்டத்தின் பெயரும் ஆள்பெயர் மாதிரிதான். அல்வா அரபியிலிருந்து வந்தது. அதற்கு நாம் தமிழ்ப்பெயர் தேடவில்லை, திருநெல்வேலி என்று ஊர்ப்பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டோம். பக்லாவா பக்லாவாவாகவே இருக்கட்டும். சொல் வேண்டியது பண்டத்துக்கு அல்ல. அதற்குள் இருக்கும் பொருள்களுக்கும் செய்முறைக்கும்தான்.

> அடுக்குமாவு என்றால் யாருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். பேக்கரி பஃப்ஸின் மாவில் கொழுப்பை உள்ளே வைத்து மடித்து மடித்துத் தேய்ப்பார்கள். அங்கே அடுக்கு மாவுக்குள்ளேயே இருக்கிறது. பக்லாவாவின் தாளில் அடுக்கு கிடையாது. ஒவ்வொன்றும் தனித்தனி. நடுவில் ஸ்டார்ச் தூவிப் பலவற்றை ஒன்றாக வைத்து நீளக் கோலால் தேய்த்து, பிறகு தட்டில் ஒவ்வொன்றாகப் பரப்பி நெய் தடவுகிறார்கள். அடுக்குவது அப்புறம் நடக்கும் வேலை. வீச்சுமாவும் இதனாலேயே அடிபடுகிறது: வீச்சு பரோட்டா எண்ணெயில் ஊறிய மாவைக் கையால் வீசுவது, இது கோலால் தேய்ப்பது. மென்படலம் கண் மருத்துவரிடம் போகட்டும்.

மற்ற மொழிகள் என்ன செய்தன என்று பாருங்கள். கிரேக்கத்தில் ஃபிலோ என்றால் இலை. துருக்கியில் யுஃப்கா என்றால் மெல்லியது. அரபியில் ருக்காக் என்பதும் மெலிவைக் குறிக்கும் சொல்தான். ஒன்று இலை, இல்லாவிட்டால் மெலிவு. இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருப்பது தமிழ்: ஏடு. பனையோலையும் ஏடு, பாலின் மேல் படிவதும் ஏடு. ஆகவே என் முன்மொழிவு மாவேடு. ‘பிஸ்தாவைத் தூவி, மேலே இருபது மாவேடுகளைப் பரப்பி’ என்று எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை.

வரலாற்றுப் பத்திக்கும் இந்தச் சொல் உதவும். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலில் லவ்ஸினஜ் என்ற இனிப்பு இருக்கிறது. லவ்ஸ் என்றால் வாதுமை. வாதுமையையும் சர்க்கரையையும் இடித்து, மிக மெல்லிய மாவேட்டில் சுருட்டி, பாகில் நனைப்பார்கள். பதினோராம் நூற்றாண்டில் காஷ்கரி எழுதிய துருக்கி அகராதியில் மெல்லிய ரொட்டிக்கான சொல்லாக யுஃப்காவின் பழைய வடிவம் வருகிறது. பக்லாவா என்ற பெயர் இஸ்தான்புல் அரண்மனைச் சமையலறைக் கணக்கில் 1473-இல் பதிவாகிறது. சிரியா 1516-இல்தான் உதுமானியர் கைக்குப் போனது. பக்லாவா யாருடையது என்ற சண்டையை நான் கட்டுரைக்குள் விடமாட்டேன். இன்று பக்லாவாவுக்குப் பேர்போன துருக்கியின் காசியான்தெப் நகரம் உதுமானியர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் அலெப்போ மாகாணத்துக்குள் இருந்தது. அங்கே எல்லைக்கோடு வந்தது பிற்பாடுதான்.

அடுத்து, நண்பரின் வரைவில் ஒரு பிழை. கதாயிஃபைச் ‘சேமியா போன்ற இழை’ என்று எழுதியிருக்கிறார். இன்றைய துருக்கி அகராதியைப் பார்த்தால் அது சரி. துருக்கியில் கதாயிஃப் என்றால் இழைதான். ஆனால் சிரிய அரபியில் கதாயெஃப் என்பது ரமலான் மாதத்துச் சிறு அப்பம். புளித்த மாவை ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து, மேலே ஆப்பம்போல் கண் விட்டதும் எடுத்து, நடுவில் அக்ரூட் வைத்து மடித்து ஓரத்தை அழுத்தி, பொரித்துப் பாகில் போடுவது. இழைக்கு அங்கே குனாஃபா மாவு என்று பெயர். சேமியா என்பதும் பொருந்தாது. அது கெட்டி மாவைப் பிழிந்து காயவைப்பது. இதுவோ துளையிட்ட பாத்திரத்திலிருந்து நீர்த்த மாவைச் சுழலும் சூட்டுத்தட்டின்மேல் ஒழுகவிட்டு, நொடியில் உலர்ந்ததும் வாரி எடுப்பது. இதற்கு மாவிழை என்று வைத்துக்கொள்ளலாம். முழுப் பிஸ்தாவை மாவிழையில் இறுக்கி உருட்டினால் மப்ரூமா; ‘முறுக்கியது’ என்று பொருள். நம் முறுக்குக்கும் அதே வினைதான். மாவிழையைச் சிவக்கவிடாமல் வெள்ளையாகவே எடுத்தால் பல்லூரியா, ‘பளிங்கு’.

தலைப்பிலும் எனக்கு மாறுபாடு உண்டு. ‘பருப்புப் பூரண இனிப்புகள்’ என்று ஒரே கூடையில் போட்டிருக்கிறார். டமாஸ்கஸின் மீதான் பகுதிக் கடைகளில் அப்படிப் பிரிப்பதில்லை. உள்ளே என்ன என்பதைவிட, பாகு குடித்ததா இல்லையா என்பதே அங்கே பேச்சு. பாகு குடிக்காதவற்றை நவாஷிஃப், அதாவது உலர்ந்தவை என்பார்கள். கட்டுரையையும் பாகூறியவை, உலர்ந்தவை என்று பிரித்தால் எல்லாம் தானாக இடத்தில் உட்காரும். பாகூறியவற்றில் சூடான பண்டத்தின்மேல் ஆறிய பாகை ஊற்ற வேண்டும். இரண்டும் சூடாக இருந்தால் ஏடு நொறுங்காது, சொதசொதத்துப் போகும். அந்தப் பாகில் எலுமிச்சை பிழிவது சர்க்கரை பூத்துவிடாமல் இருக்கத்தான்.

உலர்ந்தவற்றில் மாமூல். (நம் ‘மாமூல்’ அல்ல என்று அடிக்குறிப்பே போடலாம். வேர் மட்டும் ஒன்றுதான்: அமல், செயல்.) ரவையை நெய்யில் ஊறவைத்துப் பிசைந்து, பூரணம் வைத்து, மர அச்சில் அழுத்தி, மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டி எடுப்பார்கள். அச்சைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லலாம்: பெரும்பாலும் உருண்டைக் கும்மட்டம் அக்ரூட், நீள்வட்டம் பிஸ்தா, தட்டை பேரீச்சை. ஈகைத் திருநாளுக்கு முஸ்லிம் வீடுகளிலும் ஈஸ்டருக்குக் கிறித்தவர் வீடுகளிலும் இதே அச்சுகள்தான். அச்சில்லாமல் விரல்போல் பிடித்தால் அலெப்போவின் கராபீஜ். அதன்மேல் வைக்கும் வெள்ளை நுரை சோப்புவேர் ஒன்றை வேகவைத்து அடித்தெடுப்பது. பூந்திக்கொட்டையில் நுரை வரவைக்கும் சபோனின்தான் அதிலும். நுரைப்பாகு என்றால் போதும்.

பூரணத்துக்கும் நெய்க்கும் புதுச்சொல் தேடாதீர்கள். சிரியர்களின் சம்னே உருக்கிய நெய்யேதான். ஹமா நகரப் பக்கத்து ஆட்டுப்பால் நெய்க்கு அங்கே தனி மதிப்பு.

> பிஸ்தாவுக்குப் பசும்பருப்பு?

பாசிப்பருப்போடு குழம்பும், ஐயா. பிஸ்தா பாரசீகச் சொல். அரபியில் ப ஒலி இல்லாததால் அது அங்கே ஃபுஸ்துக் ஆனது. அதோடு அங்கே வெறும் ஃபுஸ்துக் என்றால் வேர்க்கடலையாகவும் இருக்கலாம் என்பதால் ‘ஃபுஸ்துக் ஹலபி’, அலெப்போ ஃபுஸ்துக், என்று ஊரைச் சேர்ப்பார்கள். நாம் வேர்க்கடலையை மணிலாக்கொட்டை என்றதுபோல.

— — —

வணக்கம் ஐயா.

மாவேடு நல்ல சொல், எனக்குச் சம்மதம். மாவிழைதான் இடிக்குது. எழுத்தில பாக்கச் சரி, வாயால சொல்லிப் பாருங்கோ: கேக்கிற ஆளுக்கு மாவிலைத் தோரணம்தான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில நாங்கள் ழகரத்தை ளகரமாச் சொல்லுற ஆக்கள், எங்களுக்கு இன்னும் மோசம்.

இன்னொண்டு. ‘இனிப்பு’ எண்ட சொல்லை ஏன் இவ்வளவு பாவிக்கிறியள்? அது டொபிக்கும் பொருந்தும். எங்கட பக்கம் பயத்தம் பணியாரம் எண்டு உருண்டை பிடிச்சதையும் பணியாரம் எண்டுதான் சொல்லுறம். பாகூறிய பணியாரம், உலர் பணியாரம் எண்டால் என்ன குறை?

— — —

மாவிலை எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. மாவிழையை எடுத்துவிட்டு நூல்மாவு என்று வைக்கிறேன்; எந்த ஊர் வாயிலும் கெடாது.

பணியாரத்துக்கு ஆசை இருக்கிறது. ஆனால் செட்டிநாட்டுக்காரர் ஒருவர் ‘பாகூறிய பணியாரம்’ என்று படித்தால் குழிப்பணியாரச் சட்டியைத்தான் எடுப்பார். தலைப்பில் இனிப்பு, உள்ளே இலங்கை வழக்கு என்று குறித்துப் பணியாரம். இப்போதைக்கு இப்படி விடலாமா?

‘கராபீஜ்’ என்றால் சாட்டைகள் என்று பொருள். வரைவில் அது ‘கரப்பீச்’ என்று விழுந்திருக்கிறது. தயவுசெய்து அதை இன்றே திருத்திவிடுங்கள்.