லீவுக்கு வரும் பிரதர்களும் நம் ஊர் விவிலியப் பள்ளியும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

மரியே வாழ்க!

குருவாகப் பயிற்சி பெறக் குருமடத்தில் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள், அதாவது நம் பிரதர்கள், பரீட்சை முடிந்து, உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் லீவுக்கு வந்துவிடுவார்கள். குவைத்திலிருந்தும் தம்மாமிலிருந்தும் கப்பலிலிருந்தும் ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்விதான் வருகிறது: "பிரதருக்கு என்ன வாங்கி அனுப்பலாம்?" பிரதருக்கு எதுவும் வேண்டாம். அவர் லீவில் செய்யப்போகிற வேலைக்குத்தான் நம் கை தேவை. அது என்ன வேலை, எவ்வளவு செலவாகும், எங்கே கெட்டுப்போகும் என்பதை விவரமாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு விளக்கம். லீவு என்றால் வெறும் ஓய்வு என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். திருச்சபைச் சட்டத்தின் 258ஆம் எண், குருமாணவர்களை, குறிப்பாக விடுமுறைக் காலத்தில், அனுபவமுள்ள ஒரு குருவின் வழிகாட்டுதலில் மேய்ப்புப்பணியில் பழக்கச் சொல்கிறது. அதனால்தான் வந்த அன்றே பிரதர் நம் கோயில் பொறுப்பில் இருக்கிற குருவான பங்குச்சாமியைப் போய்ப் பார்க்கிறார். பல குருமடங்களில், லீவு முடியும்போது பங்குச்சாமி குருமட அதிபருக்கு ஒட்டிய கவரில் அறிக்கை எழுதி அனுப்பும் வழக்கம் உண்டு. பூசைக்கு ஒழுங்காக வந்தாரா, சனங்களோடு எப்படிப் பழகினார், பணத்தை எப்படிக் கையாண்டார் என்றெல்லாம் அதில் வரும். ஆகவே, அன்பு மிகுதியில் நாம் செய்கிற காரியம் அவருக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாது.

யார் என்ன செய்யலாம் என்பதிலும் ஊரில் குழப்பம் இருக்கிறது. குருமடப் படிப்பில் தத்துவம் குறைந்தது இரண்டு வருஷம், இறையியல் நான்கு வருஷம். இவை போக இளங்குருமடம், டிகிரி, இடையில் களப்பணி. எந்தப் படியில் இருந்தாலும், குருப்பட்டத்துக்கு முந்தின படியான திருத்தொண்டர் பட்டம் பெறும் வரை பூசையில் மறையுரை ஆற்ற முடியாது. சட்டம் 767 அதைக் குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. "நம்ம ஊர்ப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வைக்கட்டுமே" என்று பங்குச்சாமியை நெருக்க வேண்டாம். மாதா வணக்க மாதமான மே மாதத்தில் கெபி (மாதா குகை) ஜெபமாலை, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம், துக்க வீட்டு ஜெபம் எல்லாம் இருக்கின்றன. அங்கே பிரதர் தாராளமாகப் பேசலாம். ஐம்பது பேருக்கு முன்னால் பத்து நிமிஷம் பேசிப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வீடு மந்திரிக்கவோ பூசைக் கருத்துக்குக் காணிக்கை வாங்கவோ அவரைக் கேட்க வேண்டாம். அதெல்லாம் பங்கு வீட்டில் கொடுக்க வேண்டியது.

அன்பியக் கூட்டத்துக்கு இந்தப் பருவம் தோதானது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். வருஷம் முழுக்க வீட்டில் பார்க்க முடியாத தகப்பன்மார் அப்போது வீட்டில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை. அவர்கள் பின்னிரவில் கடலுக்குப் போக வேண்டும் என்பதால் முன்னிரவிலேயே படுத்துவிடுவார்கள். ஆகவே கூட்டம் ஏழு மணிக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்குள் முடிய வேண்டும். எட்டரை வரை இழுத்தால் அடுத்த வாரம் பெண்களும் பிள்ளைகளும் மட்டும்தான் வருவார்கள்.

பெரிய வேலை, பிள்ளைகளுக்கு பைபிள் கதையும் வசனமும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிற விடுமுறை விவிலியப் பள்ளிதான். 1542இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது நம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கு, வந்த புனித சவேரியார், ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, பிள்ளைகளுக்கு மனப்பாடம் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகள் வழியாகத்தான் வீடுகளுக்குள் நுழைந்தார். அந்த வழி இன்றைக்கும் பலிக்கிறது. பத்து நாள் போட்டால் ஏழாம் நாளிலிருந்து கூட்டம் கரையும். திங்கள் தொடங்கி ஞாயிறு பூசையோடு முடிகிற ஏழு நாள்தான் சரி. காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை போதும். அதற்கு மேல் வெயிலில் பிள்ளைகள் சோர்ந்துவிடும்.

நூறு பிள்ளைகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு ஒரு வகுப்பு, ஐந்து வகுப்பு, ஐந்து டீச்சர், வர முடியாதவர்களுக்குப் பதிலாக இரண்டு பேர். எல்கேஜி பிள்ளைகளை மூன்றாம் வகுப்போடு உட்காரவைத்தால் இரண்டு கூட்டமும் கெடும். சின்னதுகள் அழும், பெரியதுகள் பேச ஆரம்பிக்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளதுகளைத் தனி வகுப்பாக்கி, அம்மாமார் இருவரைக் கூட வைத்தால் நிற்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தாள் என்று ஆறு நாளுக்கு 600 தாள். கட்டு 500 என்பதால் இரண்டு கட்டு வாங்க வேண்டும். நான்கு பேருக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி என்று 25 பெட்டி. மைக் செட்டுக்குக் கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், ஊருக்குத்தான் கேட்குமே ஒழிய முன்னால் நிற்கிற பிள்ளைக்கு வார்த்தை புரியாது. ஒரு பெட்டி ஸ்பீக்கர் போதும். கோடையில் கரண்ட் போகும் என்பதால் ஒரு டோலக் தயாராக இருக்க வேண்டும்.

பதினொரு மணிக்குச் சுண்டலும் மோரும். ஆளுக்கு 40 கிராம் வீதம் நூறு பேருக்கு 4 கிலோ கொண்டைக்கடலை, முந்தின இரவே ஊறப்போட வேண்டும். வெந்ததும் தண்ணீரை நன்றாக வடித்து, அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, பரிமாறுகிற நேரத்தில்தான் தேங்காய்ப்பூ போட வேண்டும். சூட்டோடு தேங்காயைப் போட்டு அண்டாவை மூடினால், மூடியில் கோத்த நீர் உள்ளேயே சொட்டி, மே மாதத்து வெக்கையில் பதினொரு மணிக்குள் நூல் விட்டுவிடும். அண்டாவைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தால், பாவம் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும். மோருக்கு 3 லிட்டர் தயிர், 12 லிட்டர் கொதித்து ஆறின தண்ணீர். 150 மில்லி டம்ளரில் நூறு டம்ளர் வரும்.

இப்போது முக்கியமான விஷயம். பாட்டு, கதை, விளையாட்டு எல்லாவற்றையும் பிரதரே செய்தால் ஏழு நாளும் அமர்க்களமாக இருக்கும். ஜூனில் அவர் பூவிருந்தவல்லிக் குருமடத்துக்கோ திருச்சிக் குருமடத்துக்கோ பஸ் ஏறியதும், ஞாயிறு மறைக்கல்வி பழையபடி காற்றாடும். ஆகவே பள்ளி தொடங்குவதற்கு முன் இரண்டு சாயங்காலம் பிரதர் டீச்சர்மாருக்குப் பயிற்சி கொடுக்கட்டும். பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகளும் காலேஜ் பையன்களும்தான் வகுப்பு எடுக்க வேண்டும், பிரதர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஒரு கதையைப் பத்து நிமிஷத்தில் சொல்வது எப்படி, ஒரு வசனத்தைக் கைச்சாடையோடு மனப்பாடம் பண்ணவைப்பது எப்படி என்ற இரண்டும் கைவந்தால், அந்த டீச்சர்மார் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்வார்கள். பங்குப் பேரவையிலும் இதை வற்புறுத்திச் சொல்லியிருக்கிறோம்.

கூட்டாளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரதரோடு படித்த பையன்கள் இப்போது கப்பலிலோ வலையிலோ இருக்கிறார்கள். அங்கியைப் பார்த்ததும் "வாங்க பிரதர்" என்று எழுந்து நின்று, பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அது அவருக்குப் பெரிய பாரம். லீவுக்கு வருகிற நம் பையன்கள் சாயங்காலம் கடற்கரையில் வாலிபால் ஆட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். மாலை ஜெபமாலைக்கு முன் விட்டுவிடுங்கள், அது போதும். குடி நடக்கிற இடத்துக்கு மட்டும் கூப்பிட வேண்டாம். அதேபோல் ஏப்ரல், மேயில் வீட்டுக்கு வீடு கல்யாணம். எல்லாக் கல்யாணத்துக்கும் இழுத்தால், அவர் பெற்றோரோடு உட்கார்ந்து சாப்பிட ஒரு வேளை மிஞ்சாது. அம்மா கையால் பொரித்த சாளை மீன் பத்து மாதத்துக்குப் பிறகு கிடைக்கிறது, அதை அவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

பணம். பிரதர் கையில் கொடுக்க வேண்டாம். போன், பைக் வேண்டவே வேண்டாம். விவிலியப் பள்ளிக்கென்று குறிப்பிட்டுப் பங்குக்கு அனுப்புங்கள். இதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர் அனுப்பினால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதை எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே வாங்கலாம். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளையில் அதற்கென உள்ள கணக்குக்குத்தான் அது முதலில் வந்து சேர வேண்டும். கனடா, இங்கிலாந்து உறவுகள் தயவுசெய்து பங்கின் சாதாரணக் கணக்குக்கு அனுப்பிப் பங்குச்சாமியைச் சிக்கலில் விட்டுவிடாதீர்கள். முதலில் எங்களுக்கு எழுதுங்கள், மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறோம்.

வளைகுடாவில் இந்தியப் பாடத்திட்டத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு லீவு ஜூலையில்தான். அவர்கள் ஊர் வரும்போது பிரதர்கள் இருக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வருகிற குடும்பங்கள், எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று அக்டோபருக்குள் தெரிவித்தால், பண்டிகை கழிந்து இரண்டு நாள் தனி வகுப்பு வைக்கப் பங்குச்சாமியிடம் கேட்கலாம்.

கோடைப் பள்ளிக்குக் கொடுக்க நினைப்பவர்கள் மார்ச் கடைசிக்குள் தொகையைச் சொல்லிவிடுங்கள். தாளும் பென்சிலும் தூத்துக்குடியில் மொத்தக் கடையில் வாங்க வேண்டும். கடலையும் தயிரும் ஊர்க் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஊர்ச் சங்கம் சார்பில்